அத்தையின் வாயும் என் பசியும்

எழுபத்தெட்டாம் ஆண்டு, மழைக்காலம். மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. பரிசம் போட்டாகிவிட்டது, தை பிறந்தால் கல்யாணம். அந்த நேரம் பார்த்து என் பசி காணாமல் போய்விட்டது.

பசி குறைந்தது என்று சொல்லவில்லை, அடியோடு காணாமல் போனது. மத்தியானம் மற்றவர்கள் தூக்குச் சட்டியைத் திறந்தால் சோற்று வாசனைக்கே எனக்குக் குமட்டும். காலையில் வாந்தி. மேடு ஏறினால் தலைசுற்றல். தோட்டத்து மருந்தகத்து டிரசர் கொடுத்த பசி மருந்தை ஒரு போத்தல் குடித்தும் பயனில்லை. ஆனால் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நாக்கு அலைந்தது. உப்பு! காட்டோரத் தேயிலை நிரைகளில் காலில் அட்டை ஏறும் என்று ஆளுக்கொரு உப்புப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போவோம். என் பொட்டலத்திலிருந்து அட்டைக்கு ஒன்றும் கிடைக்காது. கல் உப்பைக் கற்கண்டு மாதிரி சப்பிக்கொண்டே இருப்பேன். அப்படி ஒரு ருசி!

பக்கத்து வீட்டு அத்தை இதைப் பார்த்துவிட்டார். எனக்குச் சொந்த அத்தை இல்லை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்குமே அவர் அத்தைதான். அவர் இருந்ததால் எங்கள் லயத்துக்கு ரேடியோ தேவைப்படவில்லை. கல்யாணமாகாத பெண், காலையில் வாந்தி, சோறு பிடிக்கவில்லை, ஒளிந்து ஒளிந்து உப்பு தின்கிறாள். வெறும் வாயை மெல்பவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா? ஒரே வாரத்தில், நான் குழாயடிக்குப் போனால் அங்கிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்கள்.

அம்மா என்னை உலுக்கிக் கேட்டார். "சாமி சத்தியமா இல்லம்மா" என்றேன். நம்பினார். ஆனாலும் பயம். மாப்பிள்ளை வீட்டுக்குப் பேச்சு எட்டினால் கல்யாணம் நின்றுவிடுமே! உப்பு தின்பதை நிறுத்தினால் ஊர் வாயும் அடங்கும் என்று உப்பு ஜாடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அட்டைக்குச் சுண்ணாம்பு கொடுத்தனுப்பினார். அதுவரை என் உயிரைப் பிடித்துவைத்திருந்ததே அந்த உப்புதான் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

இரண்டு மூன்று நாள்தான் தாங்கினேன். ஒரு காலை, நிரையிலேயே சுருண்டு விழுந்தேன். காய்கறி ஏற்றிக்கொண்டு போன ஒரு சீனர் லோரியை நிறுத்தி, முட்டைக்கோஸ் கூடைகளை ஒதுக்கி என்னைப் படுக்கவைத்தார். அம்மா ஏறினார். யாரும் கூப்பிடாமலே அத்தையும் ஏறினார்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் எனக்குப் பாதி நினைவுதான். இளம் மலாய்ப் பெண் டாக்டர் ஒருவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்ததும் பதறிவிட்டார். என்ன சாப்பிட்டாள், என்ன செய்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தமிழ் நர்ஸ் ஒருவர் அதை அம்மாவிடம் கேட்டார். "ஒண்ணும் சாப்பிடறதில்லம்மா, அவ்வளவுதான்" என்றதோடு அம்மா வாயை மூடிக்கொண்டார். உப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் மகள் மானம் போய்விடும் அல்லவா?

அத்தைக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அம்மா முந்தானையைப் பிடித்து இழுக்க இழுக்க, தனக்குத் தெரிந்த மலாயில் கத்தினார்: "டோக்டர்! டியா மாக்கான் காராம்! ஹாரி ஹாரி!" உப்பு தின்கிறாள், தினம் தினம் தின்கிறாள் என்று அர்த்தம். உப்பை அள்ளி வாயில் போடுவதுபோல நடித்தும் காட்டினார். பிறகு தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, கண்ணை ஒரு மாதிரி உருட்டினார்.

டாக்டர் அத்தையின் வயிற்றைப் பார்க்கவே இல்லை. "காராம்?" என்று கேட்டபடி என் கையைத் தூக்கி விரல் முட்டிகளைப் பார்த்தார். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். இரண்டும் கறுத்துக் கிடந்தன. வெயிலில் கறுத்துவிட்டேன் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஈறில் எப்படி வெயில் படும்? அடுத்த நிமிடம் நர்ஸுகள் ஓடினார்கள். ஒரு கையில் உப்பு நீர் ஏறியது, இன்னொரு கையில் ஊசி.

சாயங்காலம் எனக்கு வயிற்றுக்குள் என்னமோ பிசைந்தது. வலி என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் பிடிபட்டது. "அம்மா, பசிக்குது!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"இரு புள்ள, இந்தா வந்துட்டேன் லா!" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தை ஓடினார். முஸ்லிம் சாப்பாட்டுக் கடையிலிருந்து பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் இலையில் கட்டி வாங்கி வந்தார். "மெல்லத் தின்னுடி, இலையையும் சேத்து முழுங்கிறாதே!" என்றார். முழுங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அன்று எனக்கு இருந்த ஆனந்தம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

மறுநாள் டாக்டர் சொன்னதை நர்ஸ் விளக்கினார். சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி ஒரு குட்டிச் சுரப்பி இருக்கிறதாம். அது சுரப்பதை நிறுத்தினால் உடம்பில் உப்பு தங்காதாம், பசியும் வராதாம், ஈறும் விரல் முட்டியும் கறுத்துப்போகுமாம். உப்பு வடிய வடிய, கொண்டா கொண்டா என்று மூளை நாக்கை விரட்டுமாம். "உன் மூளை சரியாத்தான் கேட்டிருக்கு" என்றார். ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அத்தை அதே வேகத்தில் சுரப்பிச் செய்தியையும் தோட்டம் முழுக்கப் பரப்பினார். நாங்கள் வீடு திரும்பும் முன்பே மாப்பிள்ளை வீட்டுக்கும் போய், "புள்ளைக்குச் சுரப்பிதான் ரிப்பேரு, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "இப்ப நல்லா சாப்பிடுதா?" தையில் நடக்க வேண்டிய கல்யாணம் சித்திரையில் நடந்தது.

என்மேல் உயிரையே வைத்திருந்த அம்மா மறைத்தார். ஊரெல்லாம் என்னை நாறடித்த அத்தை போட்டு உடைத்தார். நான் பிழைத்துக்கொண்டேன். இதில் யார் நல்லவர், யார் பொல்லாதவர் என்று பிரிக்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வயிறு கிள்ளும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்காது, வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் பசிக்குது என்று சொல்ல முடிவதே எவ்வளவு பெரிய வரம் என்பது, அதை ஒருமுறை தொலைத்துத் திரும்பப் பெற்றவளுக்குத்தானே தெரியும்!