கண்ணாடி முன் நிற்கும் பெண்

ஞானசிங் சாரைப் பிள்ளைகள் படக்கார சார் என்பார்கள். மார்த்தாண்டம் சந்தையில் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர். சபைக்கு அவர் வரைந்து கொடுத்த ஒரு திரைச்சீலையைப் பார்த்துத்தான் அருமனைப் பக்கத்து மிஷன் பள்ளிக்கு எடுத்தார்கள். 1931-இல் நான் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பது வயதிருக்கும். நாலு வருடமாகியும் வேலை நிரந்தரமாகவில்லை. அவரும் பனையேறியின் மகன், நானும் பனையேறியின் மகன். எங்கள் வீட்டில் நான் முதல் பி.ஏ.

வெள்ளிக்கிழமை கடைசி மணி ஏழாம் வகுப்புக்குப் படம் வாசிக்கிற பாடம். சீமையிலிருந்து தகரக் குழலில் சுருட்டி வந்த வண்ணப் படங்களில் ஒன்றைச் சுவரில் மாட்டுவார். படத்தில் உள்ள பொருள்கள் எதைக் குறிக்கின்றன என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். அவர் எதையும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. "பாத்ததைச் சொல்லு. எதை வச்சுச் சொல்லுதேன்னும் சொல்லு" என்பார். அவ்வளவுதான் பாடம்.

அந்த வருடம் பள்ளி மானேஜர் வகுப்பைப் பார்க்க வந்தார். அவருக்குத் திருப்தியானால் ஞானசிங் சாரின் வேலை நிரந்தரமாகும் என்று எல்லோருக்கும் தெரியும். சுவரில் ஒரு பெண் கண்ணாடி முன் நிற்கிற படம். இரு பக்கமும் எரியும் மெழுகுவத்திகள், மேசையில் கழற்றி வைத்த மாலை, வாடிய ஒரு பூ.

கண்ணாடி எதைக் குறிக்கிறது என்று மானேஜர் கேட்டார். முத்துக்கனி எழுந்தாள். அய்யாவழிக் குடும்பத்துப் பிள்ளை.

"சாமியை, சார். அந்த அக்கா கும்பிடுதாவ. நகையைக் கழத்தி வச்சிருக்காவ, ரெண்டு பக்கமும் விளக்கு இருக்கு, பூவும் இருக்கு. எங்க நிழல்தாங்கல்லயும் கண்ணாடி முன்னால நிண்ணுதான் கும்பிடுவோம்."

முகம் பார்க்க நிற்கக் கூடாதா என்று மானேஜர் கேட்டார்.

"முகம் பாக்கணும்னா கண்ணாடியில முகம் தெரியணும்லா? வெளிச்சந்தானே தெரியுது."

சபைப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். மானேஜர் வெளியே வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். குழலுக்குள் ஆங்கில விளக்கத்தாள் ஒன்று இருக்கும். பாடம் அதன்படி நடக்கிறதா என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். பள்ளியில் பட்டதாரி நான் ஒருவன்தான்.

தாளைப் படித்தேன். கண்ணாடி என்றால் தற்பெருமை. மெழுகுவத்தி, குறுகிய ஆயுள். பூ, அழியும் அழகு. படத்தின் முன் போய் நின்றேன். கண்ணாடியில் முகம் இல்லைதான். தாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. என் தாய்மாமன் வீட்டார் நிழல்தாங்கலுக்குப் போகிறவர்கள். அந்தக் கண்ணாடி முன் சின்ன வயதில் நானும் நின்றிருக்கிறேன். ஆனாலும் அந்தப் படத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை? தாள் தவறா, முத்துக்கனி தவறா, இரண்டும் சரியா? வரைந்தவன் நினைத்ததுதான் பொருள் என்றால், அவனைக் காணாத பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள்? எனக்குப் பிடி கிடைக்கவில்லை.

தாளில் உள்ளதை ஞானசிங் சாருக்குத் தமிழில் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"நாலு வருஷமா குழலுக்குள்ளயே கிடந்துது. எனக்கு இங்கிலீஷ் தெரிஞ்சிருந்தா நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன், சாரே. பிள்ளைக தப்பிச்சுது."

"நான் இப்ப என்ன எழுத?"

"உள்ளதை எழுதும். பின்ன பி.ஏ. எதுக்குப் படிச்சீரு?"

எழுதினேன். முதல் வரியில், விளக்கத்தாளின்படி பாடம் நடக்கவில்லை என்று. அதன் கீழே இரண்டு பக்கம், முத்துக்கனி சொன்னதையும் கண்ணாடியில் முகம் இல்லாததையும். மானேஜர் முழுவதும் படித்தாரா என்று தெரியாது. அடுத்த மாதம் ஞானசிங் சாருக்கு வேலை இல்லை. வெள்ளிக்கிழமைப் பாடம் விளக்கத்தாளோடு என் கைக்கு வந்தது.

சில மாதம் கழித்து மார்த்தாண்டத்தில் அவரைப் பார்த்தேன். ஒரு ஜவுளிக்கடைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். என் மேல் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. அதுவே எனக்கு என்னவோ போலிருந்தது. பிள்ளைகள் எப்படி என்று கேட்டார். பரீட்சையில் அதே படத்தைத்தான் கொடுத்தேன், முத்துக்கனி தற்பெருமை என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள் என்றேன்.

பலகையிலிருந்து தூரிகையை எடுத்தார்.

"எதை வச்சுச் சொல்லுதேன்னு கேட்டீரா?"

நான் கேட்டிருக்கவில்லை.