பயந்தபடியே உலை மூட்டியவர்

இம்மானுவேல் போய்விட்டார் என்று ஆம்பூரிலிருந்து போன் வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "சிலிண்டர் வெடிச்சிடுச்சா?" என்பதுதான். "இல்ல பாய், தூக்கத்துல போய்ட்டாரு" என்றார் அவர் மனைவி கிரேஸ் சிஸ்டர். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைக்கப் போவதில்லை.

ஷூ கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கும் பிரிவில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். லீவு நாட்களில் அவர் தோல் வெட்டும் கத்திகள் செய்வார். அதற்காகவே இரும்பு உருளைக்குள் சூடு தாங்கும் கம்பளியைத் திணித்து, வீட்டுப் பின்பக்கம் ஒரு கேஸ் உலை கட்டினார். ஆனால் அவரைப்போல் நெருப்புக்குப் பயந்தவரை நான் பார்த்ததில்லை. சிஸ்டருக்கு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் வேலை. அங்கே பார்த்ததை வீட்டில் பேச மாட்டார். பேசாததே இவருக்குப் போதுமாக இருந்தது.

முதலில் பர்னரை உலையின் உச்சியில் நேராக நிறுத்தியிருந்தார். ஒரு ஞாயிறு, சர்ச்சிலிருந்து அவர் வந்ததும் மூட்டினோம். நன்றாகத்தான் எரிந்தது. கேஸை அடைத்த பிறகுதான் வினை. உள்ளிருந்த அனல் பர்னர் வழியே மேலேறி, ரப்பர் குழாய் புகையத் தொடங்கியது. "பாய், ஓடு!" என்று கத்தியவர், தான் மட்டும் ஓடாமல் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சிலிண்டரைத் தெருவரை இழுத்துக்கொண்டு வந்தார். அப்புறம் பத்தடி தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரமே பர்னரைப் பக்கவாட்டில் சற்றுச் சாய்த்து வைத்தார். தீ கத்திமேல் நேராகப் பாயாமல் சுவரைத் தடவிச் சுற்றியது. பர்னரின் மூக்கை உலைக்குள் நீளவிடாமல் கம்பளிக்குள்ளேயே நிறுத்தினார். "அது உள்ள எட்டிப் பாத்தா செவந்துடும் பாய். அப்புறம் தீ குழாய்க்குள்ள திரும்பிடும்." கம்பெனியில் பயந்தாங்கொள்ளி என்று கலாய்த்தார்கள். "ஆமா, எனக்கு பயம் ஜாஸ்திதான். இன்னா இப்போ?" என்பார்.

அடக்கம் முடிந்ததும் சிஸ்டர் உலையைக் காட்டி, "இத எடுத்துட்டுப் போய்டுங்க பாய். இங்க இருந்தா எனக்குத் தூக்கம் வராது" என்றார். ஆட்டோவில் வாணியம்பாடிக்கு, என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை, மூட்டவும் தைரியமில்லை. அவர் பாதியில் விட்ட கத்தியையாவது முடிப்போம் என்று நேற்று மூட்டினேன். கொஞ்ச நேரத்தில் பர்னருக்குள் டப், டப் என்று சத்தம். ஆட்டோ குலுங்கியதில் திருகு தளர்ந்து, பர்னர் உள்ளே இறங்கியிருக்கிறது. அதன் மூக்கு செக்கச் செவேலென்று தெரிந்தது.

சிலிண்டரை அடைத்தேன். ஓடினேன். தெருவில் மூச்சு வாங்க நின்ற என்னிடம் மனைவி, "இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். "பயந்துட்டேன்" என்றேன். ஊர் பார்க்க இதைச் சொல்ல, இம்மானுவேலோடு பழகியிராவிட்டால் எனக்கு வாய் வந்திருக்காது. பயந்தது தெரிந்துவிடுமே என்று வெட்கப்பட்டு, ஓடாமல் உள்ளேயே நின்றிருப்பேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பர்னரைப் பின்னுக்கு இழுத்துத் திருகை முறுக்கிவிட்டேன். நாளை மறுபடி மூட்ட வேண்டும். இப்போதே பயமாக இருக்கிறது. இம்மானுவேல், நீங்களாவது நெருப்பே இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நிம்மதியாகத் தூங்குங்கள், தோஸ்த்.