மணிக்கு இருபது லிட்டர் என்று சொன்னவர்

செய்தி வந்தபோது நான் டோல்கேட் நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். தேவகி அக்காவின் மகள் கைப்பேசியில் அழைத்து, "அம்மா போய்ட்டாங்கண்ணே, குடோன்லயே" என்றாள். மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டதாம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மணலி புதுநகர் குடோனில் அவருக்கு என்ன வேலை? அவரை அங்கே அனுப்பியது யார், எதற்காக அனுப்பினார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராயபுரத்தில் விசைப்படகுகளுக்கு எஞ்சின் விற்கும் எங்கள் கடையில் அவர்தான் சர்வீஸ் பிரிவின் தலைவர். நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டில் பிறந்து, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர். மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் விற்பனைப் பிரிவில் சேர்ந்த புதிதில் ஒருவரிடம் மைலேஜ் பற்றி அளந்துகொண்டிருந்தேன். அந்த ஆள் போனதும் அக்கா என்னைக் கூப்பிட்டார். "லாரிக்காரன் கிட்ட பேசற மாதிரி பேசாத குமாரு. வலை இழுத்துகினு சுத்தற போட்டுக்கு ஏது கிலோமீட்டரு? மணிக்கு எத்தினி லிட்டர் குடிக்கும், அத சொல்லு."

இங்குள்ள படகுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கணக்குப் போட்டு டீசல் ஏற்றுவார்கள். அதற்கு மேல் ஒரு கேனை நிரப்பிப் பின்பக்கம் கட்டி வைப்பார்கள். அதற்கு வூட்டு கேன் என்று பெயர். மீன் எவ்வளவு பட்டாலும் அதைத் தொட மாட்டார்கள். அது கரைக்கு வந்து சேர்வதற்கு மட்டும்.

அப்போதுதான் அந்தப் புது எஞ்சின் வந்தது. நூறு குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு நூற்றெழுபது கிராம் டீசல் என்று தயாரிப்பாளரின் தாளில் இருந்தது. ஆக, முழு வேகத்தில் பதினேழு கிலோ. அதைத் தமிழில் துண்டறிக்கையாகப் போட்ட தலைமை அலுவலகத்தார் கிலோவை அப்படியே லிட்டராக்கி, 'மணிக்கு 17 லிட்டர்' என்று அச்சடித்துவிட்டார்கள். டீசல் தண்ணீரைவிட லேசு. பதினேழு கிலோ டீசலை அளந்து ஊற்றினால் இருபது லிட்டர் வரும்.

துண்டறிக்கையைப் பார்த்த அன்றே அக்கா மேலாளர் அறைக்குள் போனார். அவர் பேசியது வெளியே எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "பங்க்ல டீசல நிறுத்தா குடுக்கறான்? அளந்துதான சார் ஊத்தறான். அந்த மூணு லிட்டரு எங்கேர்ந்து வரும்? வூட்டு கேன்லேர்ந்துதான் போவும்."

தப்புதான் என்று மேலாளர் ஒப்புக்கொண்டார். அடுத்த முறை அச்சடிக்கும்போது பார்க்கலாம் என்றார். பார்க்கவே இல்லை. போட்டிக் கடை எஞ்சின் மணிக்குப் பத்தொன்பது லிட்டர் குடித்தது, அது உண்மையான பத்தொன்பது. எங்கள் பொய்ப் பதினேழு அமோகமாக விற்றது. தெரியாமல் போட்டது தவறு என்றால், தெரிந்த பிறகும் வைத்துக்கொண்டதை என்னவென்று சொல்வது? நான் அதை அயோக்கியத்தனம் என்றுதான் சொல்வேன்.

கடையில் நிறுத்தியிருந்த எஞ்சின்மேல் அக்கா சாக்பீஸால் '20' என்று எழுதினார். துடைத்தார்கள். மறுபடி எழுதினார்.

அந்த எஞ்சினை வாங்கிய தேசிங்கு என்பவரின் படகு, எண்ணூருக்கு எதிரே பெரிய கப்பல்கள் போகும் வழியில் டீசல் தீர்ந்து நின்றது. வூட்டு கேனையும் ஊற்றி முடித்திருந்தார்கள். லுங்கியை அவிழ்த்து ஆட்டியதை வேறொரு படகு பார்த்து இழுத்து வந்ததால் ஆட்கள் பிழைத்தார்கள். மறுநாள் தேசிங்கு கடைக்கு வந்தார். "கம்மியா ஊத்திட்டுப் போய் எங்கள வந்து கேக்கறியா?" என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் அவரைச் சத்தம் போட்டார்.

அக்கா கை துடைத்த துணியோடு உள்ளிருந்து வந்தார். "அவரு கரெக்டாதான் ஊத்துனாரு. கணக்கு எங்களுது, தப்பும் எங்களுது. இனிமே இருபதுன்னு வெச்சி ஊத்துண்ணா." நின்றிருந்த வாடிக்கையாளர்களில் இருவர் எஞ்சின் வாங்காமலே வெளியேறினார்கள். அடுத்த வாரமே அக்காவுக்குக் குடோன் மாற்றல் வந்தது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் மனுஷியை போல்ட்டு நட்டு எண்ண வைத்தார்கள்.

நேற்று கடையில் இரங்கல் கூட்டம். மேலாளர் அவரை நிறுவனத்தின் தூண் என்றார். அக்காவின் படத்தை வைத்திருந்த அதே மேசையில், மாலைக்குப் பக்கத்தில், அந்தத் துண்டறிக்கைக் கட்டு இருந்தது. இன்னும் பதினேழு.

அப்போது தேசிங்கு உள்ளே வந்து, ஒரு நீலக் கேனைப் படத்தின் கீழே வைத்தார்.

"டீசல் நாத்தம் வருதுப்பா, வெளிய வை" என்றார் மேலாளர்.

"இது அக்காவோட வூட்டு கேன் சார். அவங்களும் வூடு போய்ச் சேரணும்ல. இங்கியே கெடக்கட்டும்."

யாரும் அதைத் தொடவில்லை. நான் பேனாவை எடுத்து, துண்டறிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பதினேழை அடித்து இருபது என்று எழுதத் தொடங்கினேன். மேலாளர் என்னையே பார்த்தார். எனக்கும் குடோன் காத்திருக்கலாம். காத்திருக்கட்டும்.

அக்கா, எல்லோரும் போன பிறகு அந்தக் கேனைத் திறந்து பார்த்தேன். தேசிங்கு கழுத்துவரை நிரப்பியிருக்கிறார். வீடு போய்ச் சேருங்கள்.