கயிறு கட்ட ஏறியவர்

எண்ணூரில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து சாகச விளையாட்டுக்காரர்கள் கயிற்றில் இறங்குகிறார்கள். தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட், கீழே ஆம்புலன்ஸ். இறங்கியவருக்குப் பதக்கம். கூட்டம் கைதட்டுகிறது.

பக்கத்தில் நிற்கும் பெயின்டர் தேசப்பன் மட்டும் தட்டவில்லை. காலையில் வெறுங்காலோடு ஏறி உச்சியில் அந்தக் கயிறுகளைக் கட்டியவர் அவர்தான்.

"பெல்ட் போட்டுத்தானே ஏறினீங்க?" என்று கேட்கிறேன்.

"கேட்டேன் நைனா. அது வெளாடறவங்களுக்காம். டெய்லி ஏர்றவன், உனுக்கு இன்னாத்துக்குன்றாங்க."

ஒரே உயரம், ஒரே கடற்காற்று. விழுந்தால் அதே தரைதானே?

விழா முடிகிறது. பெல்ட்டுகள் வேனில் ஏறுகின்றன, ஆம்புலன்ஸும் கிளம்பிவிடுகிறது. கயிற்றை அவிழ்க்க வேண்டுமே. தேசப்பன் பீடியை அணைத்துவிட்டு இரும்பு ஏணியில் கால் வைக்கிறார். கலைகிற கூட்டத்தில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.