ஒரு தாலி, ரெண்டு கெட்டிமேளம்

போன வாரம் எங்க வீட்டுக் கல்யாணத்துல கெட்டிமேளம் ரெண்டு தடவை கொட்டுச்சு. தாலி என்னவோ ஒண்ணுதான்!

மாப்பிள்ளை என் தம்பி பிரபு. ரெண்டு கெட்டிமேளத்துக்கும் பொறுப்பு என் சின்ன மக யாழினி, வயசு அஞ்சு. இதைச் சொல்லாம இந்த வாரம் வெயிலைப் பத்தியும் ஸ்கூல் வேனைப் பத்தியும் எழுதிட்டுப் போனா எனக்குச் சோறு செரிக்காது. அதனால உக்காருங்க... காபி ஆறினாப் பரவாயில்ல.

எங்க வீடு பசுமலையில. மதுரையில ஒரே ஒரு நாளைக் கொட்டுச் சத்தம் கேக்காமக் கழிச்சுக் காட்டுங்க பார்ப்போம்? ஆடி வந்தா தெருவுக்குத் தெரு அம்மன் பாட்டு. காதுகுத்துன்னா தாய்மாமன் சீர் வரும்போதே முன்னாடி செட் மேளம் வரும். புதுசா ஒரு செல்போன் கடை திறந்தாக்கூட ரெண்டு பேர் தவிலோட நிப்பாங்க. சலூன்ல பாட்டு, ஷேர் ஆட்டோவுல பாட்டு, டவுன் பஸ்ல அதைவிடப் பெரிய பாட்டு. கேட்டா, "சத்தம் இல்லாம என்னக்கா நல்ல காரியம்?"ம்பாங்க.

இப்பேர்ப்பட்ட ஊர்ல பொறந்துட்டு, என் மகளுக்கு மேளம்னா ஆகாது. பேரு மட்டும் யாழினி!

மூத்தவ கயல் அப்படியே நேர்மாறு. அவளுக்கு எட்டு வயசு. கரண்டி கீழ விழுந்தாக்கூட அதுல ஒரு தாளம் கண்டுபிடிப்பா. சின்னவளோ மேள செட்டைப் பார்த்தாலே போதும், அவங்க உறையைக் கழட்டுறதுக்கு முன்னாடியே ரெண்டு காதையும் பொத்திக்குவா. டாக்டர்கிட்ட காட்டினோம். "காது நல்லாத்தான் இருக்கு. பயம்தான். கட்டாயப்படுத்தாதீங்க"ன்னுட்டாரு. போன வருஷம் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துல கெட்டிமேளம் கொட்டினதும் வீல்னு அலறி, என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, கொண்டை வரைக்கும் ஏறிட்டா. அந்தக் கல்யாணத்துல நான் தாலி கட்டினதையும் பார்க்கல, பாயசத்தையும் பார்க்கல. கார் கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு உள்ளயே உக்காந்திருந்தோம்.

இந்த நிலைமையிலதான் பிரபுவுக்குப் பொண்ணு அமைஞ்சுச்சு. கொட்டாம்பட்டிப் பக்கம். கல்யாணமும் அங்கேயே, மண்டபத்துல.

எங்க பக்கத்துல மாப்பிள்ளை ஒரு முடிச்சுத்தான் போடுவான். மீதி ரெண்டு முடிச்சு, மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சி போடணும். நாத்தனார் முடிச்சு. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவன் டவுசர் போட்டுத் திரிஞ்ச காலத்துலயே, "டேய், உன் பொண்டாட்டிக்கு நான்தான்டா முடிச்சுப் போடுவேன்"னு மிரட்டி வச்சவ நான். அந்த முடிச்சைப் போடுற நேரம் எது? சரியா கெட்டிமேளம் கொட்டுற நேரம். யாழினி என் கழுத்துல தொங்குற நேரமும் அதேதான்!

எங்கம்மா ரொம்ப சுலபமா ஒரு வழி சொன்னாங்க. "இவளை உன் வீட்டுக்காரரோட கார்லயே விட்டுரு. இல்லையா, உன் சித்தப்பா மக வனிதா இருக்கால்ல, அவளைப் போடச் சொல்லிருவோம்."

எனக்கு வந்துச்சே கோபம்! "ஏம்மா, வனிதாவா இவனை இடுப்புல தூக்கிச் சுமந்தா?"ன்னு கத்திட்டேன். நான் கத்தினதுக்கும் யாழினி காதைப் பொத்திக்கிட்டா. அப்புறம் பக்கத்துல வந்து மெதுவாக் கேட்டா.

"மாமா கல்யாணத்துக்கு நான் மட்டும் கார்ல இருக்கணுமாம்மா?"

அவளை இழுத்து மடியில உக்கார வச்சுக்கிட்டேன்.

வழி கண்டுபிடிச்சது என் வீட்டுக்காரர் கார்த்தி. அதுவும் சட்னி அரைக்கும்போது. ஒருநாள் காலையில அடுப்படியில இருந்து கூப்பிட்டாரு. "செல்வி, இங்க வா. நீ மிக்ஸி போட்டா இவ காதைப் பொத்துறா. இப்பப் பாரு."

யாழினி ஸ்டூல் மேல நிக்கிறா. ஸ்விட்சை அவளே போடுறா. மிக்ஸி கர்ருனு ஓடுது. கை காதுக்குப் போகல! சிரிச்சுக்கிட்டே ஆஃப் பண்றா, மறுபடி போடுறா. அன்னிக்குத் தேங்காய்ச் சட்னி தேங்காய்ப் பாலாப் போச்சு. போகட்டும்.

"அவளுக்குச் சத்தம் பயமில்லடி. அது எப்ப வரும்னு தெரியாததுதான் பயம்"னாரு கார்த்தி. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் சொன்னது முழுசா எனக்குச் சரின்னு பட்டது அன்னிக்குத்தான்.

சாயங்காலமே ஆரம்பிச்சுட்டோம், கெட்டிமேளம் விளையாட்டு. நீங்களும் பார்த்திருப்பீங்க. தாலி கட்டுற நேரத்துல ஐயரோ வீட்டுப் பெரியவரோ ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டுவாங்க, மேளம் வெளுத்து வாங்கும். எங்க வீட்டுல அந்த விரல் யாழினியோடது. ஹால்ல சேர் போட்டு அவளை உக்கார வச்சோம். கயல் கையில எவர்சில்வர் குடம், எனக்குத் தட்டும் கரண்டியும், கார்த்திக்குப் பிரியாணி அண்டா. கயலோட கரடி பொம்மைதான் கல்யாணப் பொண்ணு. கார்த்தி ஒரு மஞ்சக் கயித்தைத் தூக்கிக் காட்டுவாரு. "தாலி மேல போனா விரல் மேல போகணும். சரியா?" விரல் மேல போனா நாங்க அடிப்போம். இறங்கினா கப்சிப்.

முதல்ல விரல் நுனியாலதான் தட்டினோம். அப்புறம் கை, அப்புறம் கரண்டி. ஒரு வாரத்துல அண்டா நெளிஞ்சிருச்சு. கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில நின்னு, "என்ன தாயி, தினமும் வீட்டுல கல்யாணமா?"ன்னு கேட்டாங்க. சண்டைக்குத்தான் வந்திருக்காங்கன்னு பயந்தேன். மறுநாள் அவங்களே ரெண்டு மூடியோட வந்து உக்காந்துட்டாங்க. மதுரைக்காரங்க கையைச் சும்மா வச்சிருப்பாங்களா?

ஞாயித்துக்கிழமைன்னா ஊர் சுத்தல். சினிமா, மால் எல்லாத்துக்கும் லீவு. சத்தம் எங்க இருக்கோ அங்கதான் பிக்னிக். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். ஒரு பூக்கார அண்ணன் தொண்டை கிழிய மல்லியைக் கூவிக்கிட்டிருந்தாரு. விஷயத்தைச் சொன்னதும், "அம்புட்டுத்தானே? நீ தூக்கு தாயி!"ன்னாரு. அவ விரலைத் தூக்கினா கூவுவாரு, இறக்கினா வாயை மூடிக்குவாரு. பக்கத்துக் கடைக்காரங்க, "பாப்பா, அப்படியே இறக்கி வச்சிரு, இன்னிக்காவது நாங்க வியாபாரம் பார்க்கிறோம்"னு கெஞ்சினாங்க.

கோயில் திருவிழாவுல தெருக்கோடியில நின்னு ஆரம்பிச்சோம். ஒவ்வொரு வாரமும் ஒரு கரண்ட் கம்பம் தூரம் முன்னாடி நகர்ந்தோம். முகூர்த்த நாள்ல மண்டப வாசலுக்குப் போய், கேட்டுக்கு வெளிய நின்னு மேளம் கேட்டோம். அங்கதான் வம்பு. வாசல்ல சந்தனம் குடுக்கிறவங்க பன்னீரைத் தெளிச்சு, "வெளிய நின்னா எப்படி? வாங்க வாங்க"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டாங்க. பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடான்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள யாழினி தெளிவாச் சொன்னா, "நாங்க மேளத்துக்கு வந்திருக்கோம்." சிரிச்சுக்கிட்டே பந்தியில உக்கார வச்சுட்டாங்க. முன்னபின்ன தெரியாதவங்க வீட்டு அவியலை நான் ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா அவியல் அப்படி!

எல்லாம் சரி. கல்யாணத்தன்னைக்கு என்ன ஆகும்? அண்டா வேற, தவில் வேற இல்லையா?

அன்னிக்குக் காலையில மேள செட் வந்து இறங்கினதும் கார்த்தி அவளை நேரா தவில்காரண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போய் எங்க விரல் விளையாட்டைச் சொன்னாரு. முதல்ல அப்பா வேட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சா. அப்புறம் ஒத்தை விரல் மட்டும் வெளிய வந்துச்சு. அண்ணன் தவில்ல ஒரே ஒரு தட்டு தட்டினாரு. விரல் இறங்குச்சு, அவர் கையும் நின்னுச்சு. அவருக்கும் பிடிச்சுப் போச்சு. "சரி தாயி, இன்னிக்கு நாங்க உன் விரலைத்தான் பார்ப்போம்"னாரு.

ஏதோ புள்ளைகிட்ட விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நாங்க நினைச்சோம். அந்த மனுஷன் விளையாட்டுக்குச் சொல்லல!

முகூர்த்த நேரம். மணவறையில பிரபுவும் மணப்பொண்ணு சுகன்யாவும். சுகன்யாவுக்குப் பின்னாடி நான், முடிச்சுப் போடத் தயாரா. கீழ முன்வரிசையில கார்த்தி மடியில யாழினி. எதுக்கும் இருக்கட்டும்னு எங்கம்மா வனிதாவை எனக்குப் பக்கத்துலயே நிறுத்தி வச்சிருந்தாங்க. எரிஞ்சுச்சு எனக்கு.

ஐயர் தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்கு அனுப்பினாரு. எல்லாரும் தொட்டுக் கும்பிட்டு அடுத்தவங்ககிட்ட நகர்த்தினாங்க. எங்க பெரியப்பாவுக்குத்தான் பாசம் ஜாஸ்தியாச்சே! தாலியையே கையில எடுத்து, தலைக்கு மேல தூக்கி, கண்ணை மூடிக் குலசாமியை வேண்ட ஆரம்பிச்சுட்டாரு.

தாலி மேல போச்சா... விரலும் மேல போச்சு.

கெட்டிமேளம்!

அட்சதை மழையாக் கொட்டுது. பெரியப்பா கண்ணைத் திறந்து பார்த்தா தலையெல்லாம் அரிசி. கையில தாலி. பின்வரிசைக் கூட்டம் பந்திக்கு ஓடியே போச்சு. பிரபு திரும்பி, "அக்கா, நான் இன்னும் கட்டவே இல்லையே!"ங்கிறான். சுகன்யா தோள் குலுங்குது. அழுகுதோன்னு பதறிக் குனிஞ்சு பார்த்தேன், பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்குது. ஐயர் ரெண்டு கையையும் ஆட்டி "நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னு கத்துறாரு. மேளச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? நாதஸ்வரக்காரர் அவரைப் பார்க்கவே இல்ல. அத்தனை பேர் கண்ணும் ஒரே ஒரு விரல் மேல.

என் கண்ணும் அங்கதான் போச்சு. பழக்க தோஷம்... புள்ளை அலறுவா, ஓடிப்போய்த் தூக்கணும்னு ஒரு காலை எடுத்து வச்சுட்டேன்.

அலறல.

ஒரு கை மேல. இன்னொரு கை அப்பா முட்டியில தாளம் போடுது. காதுல எந்தக் கையும் இல்ல. அம்புட்டுச் சத்தத்துக்கு நடுவுல, விழுந்த முன்பல் ஓட்டை தெரிய, என் மக சிரிச்சுக்கிட்டிருக்கா! நான் அங்கேயே அழுதுட்டேன். வெக்கமாவது ஒண்ணாவது.

"யாழி, இறக்கு!"ன்னு கார்த்தி அவ காதுல சொன்னாரு. ஒரு வினாடி யோசிச்சா. இறக்கினா. கத்தியால வெட்டின மாதிரி மேளம் நின்னுச்சு. மண்டபமே நிசப்தம். அந்த நிசப்தத்துல சாப்பாட்டு ஹால்ல இருந்து எங்க சித்தப்பா குரல் மட்டும் தெளிவாக் கேட்டுச்சு. "தம்பி, கேசரி இன்னும் ஒரு கரண்டி!"

எங்கம்மா முகம் வெளுத்துப் போச்சு. அங்கங்க முணுமுணுப்பு. சகுனம் அது இதுன்னு யாரோ ஆரம்பிக்கிறாங்க... பொண்ணோட அப்பா எந்திரிச்சு நின்னாரு. "அட என்னங்க இப்ப? எம் மகளுக்கு ஊரே முன்கூட்டியே வாழ்த்திருச்சு. இனி மாப்ள கட்ட வேண்டியதுதான் பாக்கி!" அம்புட்டுத்தான், மண்டபமே சிரிச்சுருச்சு. ஐயரும் சிரிச்சுக்கிட்டே, "பாப்பா, மேல வா. இந்தத் தடவை நான் சொன்னதும் தூக்கணும், என்ன?"ன்னாரு.

வந்தா. மணவறையில எனக்குப் பக்கத்துல வந்து நின்னா. வனிதா தானா நகர்ந்து இடம் விட்டா. வழக்கமா என் சேலையைப் பிடிப்பாளேன்னு கையை நீட்டினேன். அவ பிடிக்கல.

"அம்மா, நீ முடிச்சுப் போடு. மேளத்தை நான் பார்த்துக்கிறேன்."

இதுக்கு மேல எனக்கு என்னங்க வேணும்? ஐயர் தலையாட்டினாரு, விரல் மேல போச்சு, கெட்டிமேளம் முழங்குச்சு. பிரபு ஒரு முடிச்சுப் போட்டான். மீதி ரெண்டையும் நான் போட்டேன், ரெண்டு கையாலயும், நிதானமா, இழுத்துப் பிடிச்சு. அட்சதை காலியாப் போச்சுன்னு பொம்பளைங்க தலையில இருந்த மல்லியைப் பிச்சு எறிஞ்சாங்க. கயல் கீழ நின்னு பிளாஸ்டிக் சேரைத் தவிலாக்கிட்டா. எங்கம்மா பேத்தியைத் தூக்கி வச்சுக்கிட்டு, "என் பேத்தி கொட்டினாத்தான் கல்யாணமே!"ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டாங்க. கார்ல விட்டுரலாம்னு சொன்ன அதே வாய்தான்.

பயப்படுற புள்ளையைத் தைரியமா இருன்னு சொல்றதுல ஒரு புண்ணியமும் இல்லைங்க. ஸ்விட்ச் எங்க இருக்குன்னு காட்டிட்டு, பின்னாடி ஒரு அண்டாவோட உக்காந்தாப் போதும்.

இப்ப வீட்டுல ஒரே ஒரு தொல்லைதான். நான் கார்த்தியைத் திட்ட வாயைத் திறந்தாப் போதும், யாழினி விரலை இறக்கிக் காட்டுறா. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு எனக்குத் தெரியாதா? நானும் நிறுத்தித் தொலைக்கிறேன்... தவிலே நின்னுச்சு, நான் எம்மாத்திரம்!