வளைவுகள் மேல் போட்ட பழி

டாக்டர் எஸ்தர் இறந்துபோய்விட்டார் என்று போன் வந்தபோது, நான் கண்ணாடி முன் நின்று முகவாயில் முளைத்த முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பழக்கம் தொடங்கியதே அந்த முடியில்தான்.

எங்கள் மலையில் ஒண்டிக்கடைப் பக்கம் இருந்த அவரது கிளினிக்குக்குப் போனவர்களுக்குத் தெரியும், உள்ளே பேசியது வாசலைத் தாண்டாது. என் வாய் இருக்கிற ஊரில் அது சாதனை. சினைப்பையில் நீர்க்கட்டி; மாதவிலக்கு மனசு வைத்தால் வரும், தாடி மட்டும் தவறாமல் வரும். மூன்றாவது பிள்ளையும் வேண்டாம். அப்படித்தான் அவர் முன் போய் உட்கார்ந்தேன்.

"என் நாத்தனார் போடுற கருத்தடை மாத்திரையவே எழுதுங்க டாக்டர். அவ மூஞ்சி நொம்பப் பளபளன்னு ஆயிருச்சு."

"நாத்தனார் சேலைய வாங்கிக் கட்டலாமுங்க. மாத்திரைய வாங்கிப் போடக் கூடாது."

ரத்த அழுத்தம் பார்த்தார். புகைப்பழக்கம் உண்டா என்றார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் பெண்டாட்டி நான், என்னிடம் கேட்கிற கேள்வியா என்று முறைத்தேன். சிரிக்காமல் அடுத்ததைக் கேட்டார்: "தலைவலி வருமுங்களா?"

"சேலம் போய்ட்டு வந்தா வரும். அடிவாரத்துல இருந்து அத்தனை வளைவு, யாருக்குத்தான் வராது?"

"பஸ் ஏறாத நாள்ல? ஊட்ல சும்மா உக்காந்திருக்கும்போது?"

யோசித்தேன். வந்திருக்கிறது. வருமுன் கண்ணோரத்தில் கோணல்மாணலாய் ஒரு வெளிச்சக் கோடும் ஓடும். அதையும் சொன்னேன். மலைக்காரர்களான நாம் எந்தத் தலைச்சுற்றலையும் ரோட்டின் தலையில்தானே கட்டுவோம்?

"இது ஒத்தைத் தலைவலிங்க. உங்க நாத்தனார் போடுறது ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை, அது உங்களுக்கு வேண்டாம். ரத்தம் உறைஞ்சு மூளைய அடைக்கிற ஆபத்து கூடும்."

"அப்ப என் தாடி? அந்த மாத்திரை போட்டா கொறையும்னாங்களே?"

"தாடியப் பிடுங்கிக்கலாமுங்க. பக்கவாதத்தப் பிடுங்க முடியாது."

விடவில்லை நான். நீர்க்கட்டிக்காரிக்குப் பிள்ளை தங்காதாமே, அப்புறம் தடை எதுக்கு என்றேன்.

"அப்ப வெளிய கத்திட்டிருக்கிற ரெண்டும் யாரோடதுங்க?"

புரோஜெஸ்டிரோன் மட்டும் உள்ள மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப், இரண்டையும் பொறுமையாக விளக்கினார். லூப் கருப்பையின் உள்சுவர் தடித்துப்போகாமலும் காக்கும்; முகத்து முடிக்கு ஒன்றும் செய்யாது. அதையும் மறைக்காமல் சொன்னார். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

"தாராளமாக் கேளுங்க. ஆனா கருப்பை உங்க ஊடுதானுங்களே?"

மறுபடி உட்கார்ந்து, லூப் என்றேன்.

சேலத்தில் அடக்கம் முடிந்து மலையேறும் பஸ்ஸில் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன். பக்கத்தில் ஒரு கரடியூர்ப் பெண். மடியில் மருந்துக்கடைப் பை. அதிலிருந்து எட்டிப் பார்த்தது என் நாத்தனார் போடும் அதே மாத்திரை அட்டை. "இந்த வளைவே நமக்கு ஆகாதுங்க்கா," என்று நெற்றியில் தைலம் தேய்த்தாள்.

அடுத்தவர் பையை எட்டிப் பார்ப்பது என் பிறவிக்குணம். பார்த்தபின் என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும் டாக்டர் எஸ்தர் எனக்கு விட்டுப்போனது. அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏன் கண்ணு, ஊட்ல சும்மா உக்காந்திருக்கும்போதும் வருதா?"

தைலம் தேய்த்த கை நின்றது.