நிற்கிற வண்டிக்கு ரோட்டு வரி

டீசல் விலை ஏறியதை எங்கள் தெருவில் யாரும் செய்தி பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. காலையில் நான் பல் துலக்கிக்கொண்டே திட்டுவது நாலு வீட்டுக்குக் கேட்கும். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற வழியிலும் திட்டுவேன். கோயில் படி வந்ததும் நிறுத்திக்கொள்வேன். பூசை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். கட்சி பேதமெல்லாம் எனக்குக் கிடையாது. போன தடவை வந்தவர்கள், இந்தத் தடவை வந்தவர்கள், அடுத்த தடவை வரப்போகிறவர்கள், எல்லாருக்கும் ஒரே படியில்தான் அளப்பேன்.

எனக்குச் சொந்தமாக ஒரு டிரெய்லர் லாரி இருக்கிறது. மணலிப் பக்கத்துக் கிடங்குகளில் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் இறக்க வேண்டும். முதலாளியும் நான், டிரைவரும் நான். டிரைவருக்கு வர வேண்டிய எரிச்சலும் எனக்கே வரும், முதலாளிக்கு வர வேண்டிய எரிச்சலும் எனக்கே வரும். தூரம் ஒன்றும் பெரிதில்லை. சைக்கிளில் போனால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். நாங்கள் எண்ணூர் விரைவுச்சாலையில் போகிறோம், அதனால் ஒன்றரை நாள் ஆகிறது. அந்த ரோட்டுக்குப் பெயர் வைத்தவரை ஒரே ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

துறைமுக வாசலில் ஆரம்பிக்கிற வரிசை சில நாட்கள் திருவொற்றியூரையும் தாண்டி நிற்கும். அங்கேயே சமைப்போம், அங்கேயே குளிப்போம், அங்கேயே சண்டை போட்டு அங்கேயே சமாதானமாவோம். அந்த வரிசைக்கு ஒரே ஒரு சட்டம்தான். முன்வண்டி நகர்ந்தால் அதன் டிரைவர் ஜன்னல் வழியாக ‘போவுது’ என்று குரல் கொடுப்பார். அடுத்தவர் அதை வாங்கிப் பின்னால் அனுப்புவார். அந்தக் குரல் காதில் விழுந்ததும் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வண்டியில் ஏற வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டால் போதும், சாத்தாங்காட்டுப் பக்கமிருந்து இரும்பு ஏற்றிக்கொண்டு வருகிற எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான். அப்புறம் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் உங்கள் பரம்பரையையே விசாரிப்பார்கள். அடிக்கடி எனக்குப் பின்னால் நிற்கிற வியாசர்பாடிக்காரர் ஒருமுறை ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் சோப்பு நுரையோடும் காசிமேடு வரைக்கும் ஓட்டினார். நானே ஒரு கல்யாணப் பந்தியில், யாரோ ‘பாயசம் போவுது’ என்றதைக் கேட்டு இலையை விட்டு எழுந்திருக்கிறேன். அத்தனை பழக்கம்.

இப்படி ஒரு நாள் வரிசைக்குக் கிளம்பும்போது, டீசல் விலையைப் பற்றி நான் ஆரம்பித்ததும் என் மனைவி தூக்குச்சட்டியை ணங்கென்று வைத்தாள்.

“யோவ், வூட்ல பேசுற, ரோட்ல பேசுற. இதுவரிக்கும் ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா ஒரு கேள்வி கேட்டுக்கிறியா?”

“கேப்பேன். எவன் வந்தான் என் மூஞ்சிக்கு நேரா?”

“வந்தா கேப்பியா?”

“கேப்பேன்.”

“அப்ப கேட்டுட்டு வந்து சொல்லு. அதுவரிக்கும் இந்த வூட்டுக்குள்ள டீசலு, டாக்ஸு, டோல்கேட்டுன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. காது புளிச்சுப் போச்சு.”

எனக்குக் கை கால் ஓடவில்லை. வேறு எதைப் பற்றிப் பேசுவது என்று நிஜமாகவே தெரியவில்லை. அன்றைக்கும் அதற்கு அடுத்து வந்த நாட்களிலும் வீட்டில் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டம்மா என் உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார்.

என் நல்ல காலம், அதே வாரம் வரிசையில் ஒரு செய்தி வந்தது. ரோட்டில் இருக்கிற குழிகளைப் பார்வையிட ஒரு அரசியல்வாதி வருகிறாராம். எங்கள் பக்கத்து ஆள்தான், கொஞ்சம் பெரிய இடத்துக்குப் போனவர். டிரைவர்கள் கூடினோம். யார் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஒரே ஒரு கேள்வி கேளு மாமு, ஆனா நச்சுன்னு கேளு,” என்றார் வியாசர்பாடிக்காரர்.

அந்தக் கேள்வியை நான் இரண்டு நாள் ஸ்டீயரிங்கிடம் சொல்லிப் பார்த்தேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா ரோட்டு வரி கட்டுகிறோம். ஆனால் எங்கள் வண்டி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். நின்ற இடத்திலேயே டீசல் வேறு எரிகிறது. நிற்கிற வண்டிக்கு எதற்கு ரோட்டு வரி? இவ்வளவுதான். கூடவே இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதி ஆளாளுக்குக் கையெழுத்தும் போட்டோம்.

அவர் வந்தார். இரண்டு வரிசை டிரெய்லர்களுக்குப் பக்கத்தில் போலீஸ் ஒதுக்கி வைத்திருந்த பாதையில் முன்னால் ஒரு ஜீப், பின்னால் அவருடைய வெள்ளைக் கார். என் வண்டிக்குக் கொஞ்சம் முன்னால் காரை நிறுத்தி இறங்கினார். காமிராக்காரர்கள் குழியைப் படம் பிடித்தார்கள். பிறகு குழியோடு அவரைப் படம் பிடித்தார்கள். அவர் குழியைப் பார்த்து வருத்தப்பட்டார். நன்றாகவே வருத்தப்பட்டார், குறை சொல்ல முடியாது. நாங்கள் முப்பது பேர் மொத்தமாகப் போய் நின்றோம். நான் மனுவைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, “கூறுங்கள், தோழரே, உங்கள் குறைகள் என்ன?” என்று அச்சடித்த தமிழில் கேட்டார்.

மைக் ஒன்று என் மூக்குக்கு நேராக வந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். “சார், மூணு மாசத்துக்கு ஒருக்கா நாங்க ரோட்டு வரி...”

அப்போது முன்னாலிருந்து குரல் வந்தது. போவுது.

ஒரு விஷயம் சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஓட வேண்டும் என்று நினைக்கவே இல்லை. கால் ஓடியது. அரை வாக்கியத்தை அந்த மைக்கிலேயே விட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் மற்ற அத்தனை பேரும் ஓடினார்கள். அரசியல்வாதி மனுவும் கையுமாக நடுரோட்டில் தனியாக நின்றார். வண்டியைக் கிளப்பி மொத்தம் நாற்பதடி நகர்ந்திருப்பேன், வரிசை நின்றுவிட்டது. ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவமானமாக இருந்தது. இனி ஆயுசுக்கும் வீட்டில் வானிலை பற்றித்தான் பேச வேண்டும் என்று நினைத்தபோது கண்ணே கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கினால், பக்கத்திலேயே வெள்ளைக் கார் நின்றது. நடந்தது இதுதான். நாங்கள் ஓடி வண்டி எடுத்த களேபரத்தில் போலீஸ்காரர்கள் ஒதுங்கிக்கொள்ள, காலியாகக் கிடந்த பாதையை முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் சும்மா விடவில்லை. மூன்றாவது வரிசை போட்டுவிட்டார்கள். ஜீப் தப்பித்துப் போய்விட்டது. கார் மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு கண்டெய்னர், பின்னால் ஒரு கண்டெய்னர், அந்தப் பக்கம் தடுப்புச் சுவர், இந்தப் பக்கம் நான். காமிராக்காரர்கள் பைக்கில் சந்து பொந்தாகப் புகுந்து போய்விட்டார்கள்.

முதல் ஒரு மணி நேரம் கார்க் கண்ணாடி மூடியே இருந்தது. அவருடைய டிரைவர் இறங்கி நாலு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடியும் ஏறிக்கொண்டார். இரண்டாவது மணி நேரத்தில் கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்து பேச்சு கேட்டது. டீசல் முள் கீழே கிடக்கிறது, ஏசியை ஓட விட்டால் வண்டி வழியிலேயே நின்றுவிடும் என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார். அரசியல்வாதி சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டு எங்கள் மனுவால் விசிறிக்கொண்டிருந்தார்.

வியாசர்பாடிக்காரர் என் வண்டிக் கதவைத் தட்டினார்.

“மாமு, ஆளு எங்கியும் போவ முடியாது. போய்க் கேளு.”

இறங்கிப் போனேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, கேள்வியை முதலிலிருந்து மனதில் ஓட்டிப் பார்த்து, வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். மைக் இல்லாததால் தமிழும் மாறியிருந்தது.

“இன்னாயா இது பேஜாரு? இத்தப் போயி ரோடுன்றானுங்க. மனுசன் போவ முடியுதா? டீசல் விக்கிற வெலைக்கு நின்ன எடத்துலயே எரிஞ்சிகினு கீது. இதுக்கா டாக்ஸ் கட்டறோம்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்த அத்தனையும் அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது, என்னைவிட நன்றாக. பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. பழக்க தோஷத்தில், “ஆமா சார், ஆமா சார்,” என்று இரண்டு தடவை தலையாட்டியும்விட்டேன்.

அவருக்கு அது போதவில்லை. விசிறுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தெனம் இப்டித்தான் நிக்கிறீங்களா? யாரையும் ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? வாயில இன்னா, கொழுக்கட்டையா?”

அந்த இடத்தில் என் கேள்வி மொத்தமும் மறந்துபோனது. வரி மறந்தது, டீசல் மறந்தது. நான் கோபப்படக்கூட இல்லை, நிதானமாகத்தான் சொன்னேன்.

“உங்களத்தான் சார் கேக்கலாம்னு இருந்தோம்.”

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அப்படி ஒருவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. அவருடைய டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். முன்னாலிருந்து ‘போவுது’ என்று குரல் வந்தது. இந்தத் தடவை ஓடவில்லை, நடந்தே போய் ஏறினேன்.

மறுநாள் மாலை வீட்டுக்குப் போனதும் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். வியாசர்பாடிக்காரரின் போன் வழியாகச் செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

“மூஞ்சிக்கு நேராவா சொன்ன?”

“நேராத்தான்.”

“அதுக்கு அவரு இன்னா சொன்னாரு?”

“கண்ணாடிய ஏத்திக்கினாரு.”

“ஏசி இல்லாமயா?”

“ஏசி இல்லாமதான். ஹார்பர் வாசல் வரைக்கும் எறக்கவே இல்ல.”

அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு தட்டை எடுத்து வைத்து, சோறு போட்டு, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“சரி, சொல்லு. இன்னிக்கு டீசல் இன்னா வெல?”